முதல் ரயில் போடியிலிருந்து கிளம்பட்டும்: மதுரைக் கோட்ட ரயில்வே மேலாளருக்கு ஒரு திறந்த மடல்

மதுரைக் கோட்ட ரயில்வே மேலாளர் அவர்களுக்கும், தெற்கு ரயில்வேயில் கால அட்டவணை தயாரிக்கும் அதிகாரிகளுக்கும்,

வணக்கம்.

மதுரை – போடிநாயக்கனூர் பாதையைப் பற்றி எழுதுகிறேன். கேட்பது ஒன்றுதான். நாளின் முதல் பாசஞ்சர் ரயில் போடியிலிருந்து மதுரைக்குக் கிளம்ப வேண்டும், நாளின் கடைசி ரயில் மதுரையிலிருந்து போடிக்குத் திரும்ப வேண்டும். இப்போது ஓடுவது இதற்கு நேர் எதிர்த் திசையில்.

இன்றைய நிலவரம் உங்களுக்குத் தெரியும். ஆனாலும் இதைப் படிக்கிற எங்கள் ஊர்க்காரர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். தினமும் ஓடும் ஒரே பாசஞ்சர், காலை 8.20 வாக்கில் மதுரையை விட்டுக் கிளம்பி, வடபழஞ்சி, உசிலம்பட்டி, ஆண்டிபட்டி, தேனி வழியாகப் பத்தரை மணி வாக்கில் போடிக்கு வருகிறது. அங்கேயே நிற்கிறது. மாலை ஆறு மணிக்குச் சற்று முன்னால் கிளம்பி இரவு எட்டு மணிக்குள் மதுரை சேர்கிறது. இது போக, வாரம் மூன்று நாள் சென்னை சென்ட்ரல் – போடி எக்ஸ்பிரஸ். அதுவும் காலையில் மதுரையிலிருந்து போடிக்கு வருகிறது, இரவு எட்டரைக்குப் போடியிலிருந்து கிளம்புகிறது. ஆக, விடிந்ததிலிருந்து சாயங்காலம் வரை தேனியிலோ ஆண்டிபட்டியிலோ நின்றுகொண்டு மதுரைக்கு ரயில் கேட்டால், ஒன்றும் கிடையாது. மதுரையில் வேலை முடித்து மாலையில் ஊர் திரும்ப ரயில் கேட்டாலும் கிடையாது.

இந்த மாவட்டத்து மக்கள் எந்தப் பக்கம் போய் வருகிறார்கள் என்று பார்த்தால் இந்த நேரங்களின் குறை புரியும். தேனி 1996 வரை மதுரை மாவட்டத்துக்குள்தான் இருந்தது. மாவட்டம் பிரிந்தாலும் பிழைப்பு பிரியவில்லை. க.விலக்கில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது, நல்ல விஷயம். ஆனால் அங்கே முடியாத மேல்சிகிச்சைக்கு எழுதிக் கொடுப்பது மதுரைப் பெரியாஸ்பத்திரிக்குத்தான். வழக்கு மேல்முறையீட்டுக்குப் போனால், 2004இல் தொடங்கிய உயர் நீதிமன்றக் கிளைக்குப் போக வேண்டும், அதுவும் மதுரையில். காமராசர் பல்கலைக்கழகம் இதே தேனி சாலையில் இருக்கிறது. வடபழஞ்சியில் எல்காட் தகவல் தொழில்நுட்பப் பூங்கா, நாகமலைப் புதுக்கோட்டைப் பக்கம் கல்லூரிகள். கடைக்குச் சரக்கு எடுப்பவர்கள், பாஸ்போர்ட் வேலையாகப் போகிறவர்கள், விமானம் ஏறப் போகிறவர்கள் எல்லோரும் காலையில் கிழக்கே போய், பொழுது சாயும்போது மேற்கே திரும்புகிறவர்கள். இந்தப் பாதை முழுக்க அந்த ஓட்டத்தின் மேலேயே போட்டிருக்கிறது. ரயில் மட்டும் மாறிப் போகிறது.

இப்போது ஓடும் ரயிலால் பயனே இல்லை என்று நான் சொல்லவில்லை. மதுரையில் குடியிருந்து தேனியிலும் போடியிலும் வேலை பார்க்கிற ஆசிரியர்கள், அரசு ஊழியர்கள், வங்கிக்காரர்கள் அதில் வருகிறார்கள். மாலை ரயிலில் போனால் மதுரையில் சாப்பிட்டுவிட்டு நிதானமாகப் பாண்டியன் எக்ஸ்பிரஸில் ஏறலாம். ஆகவே அந்த ரயிலைத் திருப்பிப் போட்டு அவர்கள் வயிற்றில் அடிக்கும்படி யாரும் கேட்கவில்லை. அது அப்படியே இருக்கட்டும். அதோடு கூட வேண்டியதைத்தான் கேட்கிறோம்.

இந்தப் பாதைக்காக இந்த ஊர் எவ்வளவு காத்திருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். 1928இல் போடிக்கு மீட்டர் கேஜ் ரயில் வந்தது. ஏலக்காய், பருத்தி, இலவம்பஞ்சு என்று மலையிலிருந்தும் அடிவாரத்திலிருந்தும் இறங்குகிற சரக்குக்குப் போடி பெரிய சந்தை. இரண்டாம் உலகப் போர் வந்தது, தண்டவாளத்தையே பெயர்த்துக் கொண்டு போனார்கள். 1950களில்தான் மீண்டும் ரயில் ஓடியது. அப்புறம் 2010 கடைசியோடு மீட்டர் கேஜ் சேவையை நிறுத்தி, அகலப்பாதை வேலை என்றார்கள். வேலை வருடக்கணக்கில் இழுத்தது. ஒரு பட்ஜெட்டில் பணம் வரும், அடுத்ததில் பெயருக்கு ஒரு தொகை வரும். ஆண்டிபட்டிக் கணவாயில் மலைப் பாறையை உடைத்து வழி எடுக்க வேண்டியிருந்தது, அது சின்ன வேலையில்லை, ஒப்புக்கொள்கிறேன். 2020 தொடக்கத்தில் மதுரையிலிருந்து உசிலம்பட்டி வரை 37 கிலோமீட்டர் தயாரானது. அந்த ஆண்டுக் கடைசியில் ஆண்டிபட்டி வரை இன்னும் 21. அங்கிருந்து தேனிக்கு 17 கிலோமீட்டர். 2022 மே 26 அன்று பிரதமர் சென்னையிலிருந்து மதுரை – தேனி சேவையைத் தொடங்கி வைத்தார். அந்த 75 கிலோமீட்டருக்கு மட்டும் செலவு 500 கோடி ரூபாய்க்கு மேல். கடைசி 15 கிலோமீட்டரும் முடிந்து, 2023 ஜூன் 15 அன்று போடிக்கு ரயில் வந்தது. பன்னிரண்டரை வருடம். பாதையை மூடியபோது ஒன்றாம் வகுப்பில் இருந்த பிள்ளை, ரயில் திரும்பி வந்தபோது பள்ளிப் படிப்பை முடித்துவிட்டது.

போடியில் ரயில் வந்து நின்ற அன்றைக்கு ஊரே ஸ்டேஷனில் கூடியது. பூமாலை, பட்டாசு, இனிப்பு. அந்தச் சந்தோஷம் பொய்யில்லை. ஆனால் இத்தனை கோடி போட்டு, இத்தனை வருடம் காத்து, பிறகு மின்மயமும் செய்து முடித்த ஒரு பாதையில், தினமும் ஒரு போக்கு ஒரு வரவு என்றால் அது போட்ட பணத்துக்கு நியாயமாகுமா என்று நீங்களே சொல்லுங்கள்.

சரி, எப்படிச் செய்வது என்பதற்கு வருகிறேன். வெறும் கோரிக்கையாக வைத்தால் “பரிசீலிக்கப்படும்” என்ற பதிலோடு முடிந்துவிடும் என்பதால் கணக்கோடு வைக்கிறேன்.

முதலில், போடியில் பகல் முழுக்க நிற்கிற ரேக், அதாவது அந்த ரயிலின் பெட்டித் தொடர். பத்தரைக்கு வந்து மாலை ஐந்து ஐம்பதுக்குக் கிளம்பும்வரை ஏழு மணி நேரத்துக்கு மேல் அது சும்மா நிற்கிறது. மதுரைக்கு ஒரு நடைக்கு ஆவது இரண்டு மணி நேரம் சொச்சம். பதினொன்றே காலுக்குப் போடியில் கிளப்பினால் ஒன்றரைக்குள் மதுரை. இரண்டே முக்காலுக்கு மதுரையில் கிளப்பினால் ஐந்து மணிக்கெல்லாம் போடிக்குத் திரும்பி வந்துவிடும். மாலை ரயில் வழக்கமான நேரத்துக்கே புறப்படும். புதிதாக ஒரு பெட்டி வாங்க வேண்டாம். மதுரையில் ஒன்றரைக்கு இறங்குகிறவர் மூன்று மணி தேஜஸில் சென்னைக்குப் போகலாம். காலையில் பேருந்தில் பெரியாஸ்பத்திரிக்குப் போனவர்கள் மத்தியானம் ரயிலில் திரும்பலாம். இதை நாளைக்கே தொடங்குவதற்குத் தடையாக எனக்குத் தெரிவது, கூடுதலாக ஒரு செட் லோகோ பைலட், கார்டு தேவைப்படுவது மட்டும்தான்.

இரண்டாவது, இரவில் ரேக்கைப் போடியில் நிறுத்துவது. இதுதான் நான் முதலில் கேட்டது. மாலை ரயில் எட்டு மணிக்குள் மதுரைக்கு வந்துவிடுகிறது. எட்டே கால், எட்டரைக்கு அதையே போடிக்குத் திருப்பி அனுப்புங்கள். எக்ஸ்பிரஸ் ஓடும் மூன்று நாளும் உசிலம்பட்டிப் பக்கம் எதிரே வரும் அந்த ரயிலுக்கு வழிவிடும் ஒரு கிராசிங் வரும், கொஞ்ச நேரம் காத்திருக்க வேண்டியிருக்கும், பரவாயில்லை. பதினொன்றுக்குள் போடி போய்ச் சேரும். காலையில் ஐந்தேகாலுக்குப் போடியில் கிளம்பினால், தேனி ஐந்தரையைத் தாண்டி, ஆண்டிபட்டி ஆறு மணி வாக்கில், மதுரை ஏழேகால். சென்னையிலிருந்து வரும் எக்ஸ்பிரஸ் மதுரையை விட்டுக் கிளம்புவதும் ஏறக்குறைய அந்த நேரம்தான். ஐந்து பத்து நிமிடம் முன்னே பின்னே நகர்த்தினால் இரண்டும் மதுரை ஸ்டேஷனிலேயே சந்தித்துக்கொள்ளும், நடுவழியில் யாரும் நிற்க வேண்டியதில்லை. ஏழேகாலுக்கு வந்த அதே ரேக் 8.20க்கு இப்போது போலவே போடிக்குக் கிளம்பும். ஒரே ரேக், நாளைக்கு மூன்று போக்கு, மூன்று வரவு. மொத்தம் 540 கிலோமீட்டர்.

இந்த நேரங்கள் எல்லாம் கல்லில் எழுதியவை இல்லை. கட்டுப்பாட்டு அறையில் உட்கார்ந்து தினமும் கிராசிங் போடுகிறவர்கள் என்னைவிட நன்றாக இதைச் செதுக்குவார்கள். இருக்கிற ரேக்கை வைத்தே முடியும் என்பதைக் காட்டத்தான் இவ்வளவு விவரம்.

ஏழேகாலுக்கு மதுரையில் இறங்குவதால் என்ன கிடைக்கும்? பெரியாஸ்பத்திரியில் வெளிநோயாளி சீட்டு வாங்கக் காலையிலேயே வரிசையில் நிற்க வேண்டும். தேனியிலிருந்து அதற்குப் போகிறவர்கள் இன்று நாலரை, ஐந்து மணிக்குப் பேருந்தில் ஏறி, ஆரப்பாளையத்தில் இறங்கி, அங்கிருந்து டவுன் பஸ்ஸோ ஆட்டோவோ பிடிக்கிறார்கள். சர்க்கரை நோயாளி, சிறுநீரகத்துக்கு மருந்து சாப்பிடுகிறவர், நிறைமாதக் கர்ப்பிணி, பிரசவமான பெண், வயதானவர்கள், இவர்களுக்கு இரண்டு மணி நேரப் பேருந்துப் பயணம் என்பது வேறு கஷ்டம். பேருந்தில் கழிப்பறை இல்லை. வண்டியை நிறுத்தச் சொல்லிக் கேட்கக் கூச்சப்பட்டுக்கொண்டு, முதல் நாள் இரவிலிருந்தே தண்ணீர் குடிக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போகிற பெண்கள் எங்கள் பக்கம் உண்டு. ரயிலில் அந்தக் கவலை கிடையாது. காலை நீட்டி உட்காரலாம், முடியாதவர் ஒரு சீட்டில் படுத்துக்கொள்ளலாம். கட்டணமும் பேருந்தைவிடக் குறைவு. கூலி வேலைக்குப் போகும் குடும்பத்தில் ஒரு நோயாளியும் துணைக்கு ஒருவரும் மாதம் இரண்டு முறை போய்வந்தால் அந்த வித்தியாசம் பெரிய பணம்.

மாணவர்களுக்கும் இதையே சொல்வேன். வடபழஞ்சியில் ரயில் நிற்கிறது, ஆனால் அந்த வட்டாரத்துக் கல்லூரிக்கும் கம்பெனிக்கும் போகிற ஆண்டிபட்டிப் பிள்ளைக்குக் காலையில் அங்கே கொண்டுபோய் இறக்கும் ரயில் இல்லை. சீசன் டிக்கெட்டில் வீட்டிலிருந்தே போய்வர முடிந்தால், விடுதிக் கட்டணத்துக்குப் பயந்து படிப்பை விடுகிற பெண் பிள்ளைகளில் சிலராவது படிப்பார்கள்.

இங்கே ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். ஒரே ரேக்கை வைத்து எல்லாம் ஆகிவிடாது. நான் சொன்ன திட்டத்தில் மதுரையிலிருந்து திரும்பும் ரயில்கள் மத்தியானம் ஒன்றும் இரவு எட்டே காலுக்கு ஒன்றும்தான். கல்லூரி விட்டு, அலுவலகம் விட்டுத் திரும்புகிறவர்களுக்கு ஐந்தரை ஆறு மணிக்கு ரயில் வேண்டும். இரவு எட்டு மணிவரை ஸ்டேஷனில் காத்திரு என்று பெண் பிள்ளையிடம் சொல்ல முடியாது. அதற்கு இரண்டாவது ரேக் தேவை. மின்கம்பி இருக்கிற பாதையில், தனி எஞ்சின் இல்லாமல் மின்சாரத்தில் ஓடும் மெமு ரயில் ஓடலாம். இரண்டு முனையிலும் ஓட்டுநர் அறை இருப்பதால், ஒவ்வொரு முறையும் எஞ்சினைக் கழற்றி மறுமுனைக்குக் கொண்டுபோய் மாட்ட வேண்டியதில்லை. சட்டென்று வேகம் பிடிக்கும், சட்டென்று நிற்கும். அதனால் வடபழஞ்சிக்கும் உசிலம்பட்டிக்கும் நடுவில் செக்கானூரணிப் பக்கம் ஒரு நிறுத்தம் கொடுத்தாலும் மொத்த நேரம் பெரிதாகக் கூடாது. ஆனால் மெமு வரட்டும், அதுவரை பார்க்கலாம் என்று காலை ரயிலைத் தள்ளிப் போட்டுவிடாதீர்கள். முதலில் இருக்கிற ரேக், பிறகு மெமு.

நீங்கள் என்ன பதில் சொல்வீர்கள் என்பதும் ஓரளவு தெரியும். போதிய ஆள் ஏறுவதில்லை என்பது எல்லாக் கிளைப் பாதைக்கும் சொல்லப்படுகிற பதில். இங்கே அந்தக் கணக்கை ஏற்க முடியாது. மக்கள் போகாத நேரத்தில் போகாத திசையில் ஒரு ரயிலை விட்டுவிட்டு, அதில் ஏறிய தலைகளை எண்ணி, இந்த ஊருக்கு ரயில் தேவையில்லை என்று முடிவு செய்யக் கூடாது. ஆரப்பாளையத்துக்குப் போய், காலை ஆறிலிருந்து ஒன்பதுவரை தேனி, போடி, கம்பம், பெரியகுளம் வண்டிகளிலிருந்து இறங்குகிறவர்களை எண்ணச் சொல்லுங்கள். அந்தக் கூட்டத்தில் எத்தனை பேர் ரயிலுக்கு மாறுவார்கள் என்பதுதான் சரியான கேள்வி.

போடியில் இரவு தங்க ஊழியர்களுக்கு வசதி வேண்டும் என்பீர்கள். நியாயம். இரவு பதினொன்றுக்கு வண்டியைக் கொண்டுவந்து சேர்த்தவர் விடிகாலை ஐந்துக்கு மறுபடி ஓட்டக் கூடாது, அவருக்கு முழு ஓய்வு கிடைக்க வேண்டும். அந்த ஓய்வு சரியாக இல்லாவிட்டால் நாங்கள் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டுதான் ஏற வேண்டும். அதனால் காலை வண்டிக்கு வேறொரு செட், அவர்கள் தங்க ஒரு நல்ல ரன்னிங் ரூம், இதற்கான செலவைச் செய்துதான் ஆக வேண்டும். 500 கோடிக்கு மேல் போட்ட இடத்தில் இது பெரிய தொகை ஆகாது. ரேக் பராமரிப்பு மதுரையில்தான் முடியும் என்றால், வாரத்தில் ஒரு நாள், ஞாயிற்றுக்கிழமை மத்தியான நடையை நிறுத்தி அங்கே வைத்துப் பாருங்கள். அன்றைக்குக் கூட்டமும் குறைவு.

தேனிக்காரர்கள் சிலரே இன்னொன்றைச் சொல்வார்கள்: ரயில் கூடினால் ரயில்வே கேட்டையும் அடிக்கடி மூடுவார்கள், ஊருக்குள் நெரிசல் தாங்காது. இந்தக் கவலையை ஒதுக்க முடியாது. மதுரை சாலையில் ரயில்வே மேம்பால வேலை எதற்காக எடுத்தார்களோ அதற்கான காரணமே இதுதான். மேம்பாலமும் அணுகுசாலையும் முழுமையாகப் பயன்படும்படி மாநில நெடுஞ்சாலைத் துறையோடு பேசி முடிக்க வேண்டியது உங்கள் பக்கத்து வேலையும்கூட. நான் கேட்கிற காலை ரயில் தேனியைத் தாண்டுவது ஐந்தரைக்கு, இரவு ரயில் வருவது பத்தரைக்கு. கடைத்தெரு நெரிசல் நேரத்தில் கூடுதலாகக் கேட் மூடுவது மத்தியான நடைக்கு மட்டும்தான்.

திண்டுக்கல்லிலிருந்து கம்பம் வழியாக லோயர் கேம்ப் வரை புதிய பாதை வேண்டும் என்று கம்பம் பள்ளத்தாக்கு மக்கள் நெடுங்காலமாகக் கேட்டு வருகிறார்கள். அந்தக் கோரிக்கைக்கு என் முழு ஆதரவு உண்டு. சபரிமலைக்குக் குமுளி வழியாகப் போகிற கூட்டத்தைப் பார்த்தவர்கள் யாரும் அதை மறுக்க மாட்டார்கள். ஆனால் அது டெல்லியில் முடிவாக வேண்டிய விஷயம், நிலம் எடுக்க வேண்டும், பாலம் கட்ட வேண்டும், பெரும்பணம் வேண்டும். சென்னை எக்ஸ்பிரஸைத் தினசரி ஆக்குவதற்கும் கூடுதல் ரேக் தேவை. நான் கேட்பதில் அப்படி எதுவும் இல்லை. பாதை இருக்கிறது, மின்சாரம் இருக்கிறது, ஸ்டேஷன் இருக்கிறது, பெட்டிகள் பகலில் போடியிலும் இரவில் மதுரையிலும் நிற்கின்றன. முன்மொழிவைக் கோட்டத்தில் எழுதி, சென்னைத் தலைமையகத்துக்கு அனுப்பி, அங்கிருந்து ரயில்வே வாரியத்தின் ஒப்புதல் வாங்க வேண்டும். அந்த முதல் காகிதம் உங்கள் மேசையிலிருந்து கிளம்ப வேண்டியது.

நிரந்தர ரயிலாக அறிவிக்கத் தயக்கம் இருந்தால், ஆறு மாதம் சோதனை ஓட்டமாக விடுங்கள். அதிலும் இரண்டு விஷயத்தைக் கவனியுங்கள். ஒன்று, கல்லூரி திறக்கும் ஜூனில் தொடங்குங்கள். நடுவில் தொடங்கினால் பஸ் பாஸ் எடுத்தவர்கள் மாற மாட்டார்கள். இன்னொன்று, சிறப்பு ரயில் என்று பெயர் வைத்து எக்ஸ்பிரஸ் கட்டணம் வாங்காதீர்கள். சாதாரணக் கட்டணமும் சீசன் டிக்கெட்டும் முதல் நாளிலிருந்தே இருக்க வேண்டும். தேனியிலும் போடியிலும் விடிகாலை ரயிலுக்கு வருகிறவர்களைப் பேருந்து நிலையத்திலிருந்து ஸ்டேஷனுக்குக் கொண்டுவர ஒரு டவுன் பஸ் விடும்படி மாவட்ட ஆட்சியருக்கு நீங்கள் ஒரு கடிதம் எழுதினால், போக்குவரத்துக் கழகம் செய்யும் என்று நம்புகிறேன். ஆட்டோவுக்கு நூறு ரூபாய் கொடுத்து யாரும் ரயிலேற வர மாட்டார்கள்.

இதைக் கேட்டுத் தேனி, ஆண்டிபட்டி, உசிலம்பட்டி, போடி நான்கு ஊர் வணிகர்களும் கல்லூரிகளும் நோயாளிகளுடன் போய்வரும் குடும்பங்களும் கையெழுத்திட்ட மனுவை உங்கள் அலுவலகத்தில் நேரில் கொடுக்கத் தயாராக இருக்கிறோம். ஜனவரியில் வரும் புதிய கால அட்டவணைக்கு எந்தத் தேதிக்குள் கொடுத்தால் எடுத்துக்கொள்வீர்கள் என்பதை மட்டும் தெரிவியுங்கள்.

இப்படிக்கு,
தேனி மாவட்டத்துப் பயணி ஒருவர்